இரண்டு கட்டம் கேட்ட எழுத்துகள்

கைபேசியில் தமிழ் எழுதும்போதெல்லாம், தஞ்சாவூர் அலுவலகத்தின் கறுப்புத் திரையில் முதன்முதலாகத் தமிழ் நின்ற அந்தப் பிற்பகல் எனக்கு நினைவுக்கு வரும். நில ஆவணங்களைக் கணினியில் ஏற்றும் வேலை அது. எங்களுக்குக் கிடைத்தவை வேறொரு துறை கழித்துப்போட்ட பழைய யூனிக்ஸ் கணினிகள். படம் காட்டாது, மவுஸ் கிடையாது. ஆங்கில எழுத்து மட்டும் வரிவரியாக ஓடும். தமிழ் மென்பொருளோ புதுக் கணினி கேட்டது. "இங்கிலீஷ்லயே ஏத்திடுங்க, பேருதானே" என்றார் மேலதிகாரி. எங்கள் பிரிவின் புரோகிராமரை நாங்கள் மேடம் என்றே அழைப்போம். அவர் எழுந்து நின்றார். "கலியன்னு எழுதினாலும் காளியன்னு எழுதினாலும் இங்கிலீஷ்ல ஒண்ணுதான் சார். நெலம் யாருக்குப் போவும்?" அவர் அப்படிக் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. அதிகாரி சற்று யோசித்து, மாதக் கடைசி வரை பார்க்கலாம் என்றார்.

அந்தத் திரையில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு சின்னக் கட்டம்தான். ஆங்கில எழுத்து அதில் அடங்கிவிடும், 'ணை' அடங்காது. மேடம் வரைபடத்தாளில் ஒவ்வோர் எழுத்தையும் புள்ளி புள்ளியாக வரைந்தார். அகலமானவற்றை இரண்டாக வெட்டி அடுத்தடுத்த கட்டங்களில் வைத்தார். அந்தப் புள்ளிகளை எண்களாக்கிக் கணினிக்குக் கொடுப்பது என் வேலை. பல முறை திரை இருண்டே கிடந்தது. சில முறை எழுத்தின் ஒரு பாதி மட்டும் வந்து நின்றது. மேடம் சலித்துக்கொள்ளவே இல்லை. அழித்துவிட்டு மறுபடி வரைவார்.

அந்தப் பிற்பகல் எழுத்துகள் கலையாமல் நின்றன. மேடம் 'காளியன்' என்று தட்டினார். அதன் கீழே என் ஊர்ப் பெயரைத் தட்டினார்.

"அது எங்க ஊரு மேடம்."

"தெரியும் சார். காளியன் எங்கப்பா. உங்க தாத்தாகிட்ட பண்ணையாளா இருந்தாரு."

திரையைப் பார்த்தபடியே சொன்னார். கூலி உயர்வு கேட்டு ஆட்கள் அறுவடைக்கு இறங்க மறுத்த வருடம், முன்னால் நின்றவர் அவர் அப்பா. பிறகு, குடியிருக்கும் மனை குடியிருப்பவருக்கே என்று சட்டம் வந்தது. பெயர்கள் ஆங்கிலத்தில் தட்டச்சாகிப் போயின. அவர்களுடைய மனைக்குப் பட்டா, தாத்தாவுக்கு வேண்டியவரான கலியன் பெயரில் வந்தது. குடும்பம் வாய்க்கால் கரைக்குப் போனது, அங்கிருந்து வலங்கைமானுக்கு. "டைப் அடிச்சதுல வந்த தப்புன்னு சொல்லிட்டாங்க. இப்ப அங்க கலியன் வீட்டு ஆளுங்க மாடி வீடு கட்டியிருக்காங்க."

மாலையில் அதிகாரி வந்து பார்த்துவிட்டு, "தமிழ்லயே ஏத்துங்க" என்றார்.

அந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போனேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பாவிடம் காளியனைப் பற்றிக் கேட்டேன். "அது தப்பு இல்லப்பா. தாத்தா சொல்லித்தான் நடந்துச்சு. அவன் சங்கத்து ஆளு" என்றவர், மோர் ஊற்றச் சொன்னார்.

திங்கட்கிழமை மேடத்திடம் அதை அப்படியே சொன்னேன். சொல்லாமல் அவர் பக்கத்தில் உட்கார என்னால் முடிந்திருக்காது.

"எங்கப்பா சாவுற வரைக்கும் அந்த டைப்பிஸ்டத்தான் திட்டிக்கிட்டிருந்தாரு சார்" என்றார். "உங்க தாத்தாவ ஒரு வார்த்த சொன்னதில்ல."