குனியாமல் நின்ற டீச்சர்

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு சனிக்கிழமை மாலை, அடையாறில் என் மகள் படித்த பள்ளியில் நடந்தது இது. மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கான பள்ளி. அவளுக்கு அப்போது இருபது வயது தாண்டிவிட்டது. நாம் சொல்வதெல்லாம் அவளுக்குப் புரியும். ஆனால் தனக்கு இது வேண்டும் என்று வாயைத் திறந்து கேட்க மாட்டாள். தாகம் எடுத்தால் பானைக்குப் பக்கத்தில் போய் நிற்பாள், அவ்வளவுதான். நாமாகப் பார்த்துக் கொடுக்க வேண்டும். எங்கள் காலத்துக்குப் பிறகு யார் பார்த்துக் கொடுப்பார்கள் என்ற கவலை என்னை விட்டதே இல்லை.

அவளுடைய டீச்சர் அந்த வருடக் கோடை விடுமுறையோடு ஓய்வு பெற இருந்தார். அவர் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளைகள் எதையாவது செய்யத் திணறினால், அவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். மகளைச் சேர்த்த புதிதில், அவள் செருப்பின் வாரை மாட்டிவிட நான் குனிந்தபோது என்னையும் தடுத்தார். "கையைப் பின்னால கட்டிக்குங்க சார். சும்மா விட்டா அது உதவி பண்ணப் போயிடும். என் கையும் அப்படித்தான், அதான் கட்டி வெச்சிருக்கேன்" என்றார். பெற்றவனிடமே இப்படிச் சொல்கிறாரே என்று எனக்குக் கோபம்தான் வந்தது.

பிள்ளைகளின் பெற்றோர் எல்லோரும் சேர்ந்து அவருக்கு ஒரு பாராட்டு விழா ஏற்பாடு செய்தோம். பொன்னாடையை என் மகள்தான் போர்த்த வேண்டும் என்று முடிவாயிற்று. நான் வேண்டாம் என்றேன். நாலு பேர் முன்னால் அவள் தடுமாறி நின்றால் என்ன செய்வது? "அவ பண்ணுவா. நீங்க படபடக்காம இருந்தா போறும்" என்றாள் என் மனைவி.

மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக் கூடத்திலேயே ஒத்திகை ஆரம்பித்தேன். நான்தான் டீச்சர், குளிக்கிற துண்டுதான் பொன்னாடை. எதையும் எண்ணிக் கணக்கு வைக்காவிட்டால் எனக்கு இருப்புக்கொள்ளாது. பதினான்கு தடவை போர்த்தினாள், ஒரு தடவைகூடத் தவறவில்லை. கொஞ்சம் தைரியம் வந்தது.

விழாவுக்கு வந்த சிறப்பு விருந்தினர் வந்ததிலிருந்தே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மைக்செட்காரர் என்னிடம் வந்து, "சார், அய்யா தி.நகர்ல ஒரு ரிசப்ஷனுக்குப் போவணுமாம். பொண்ண சீக்கிரம் முடிக்கச் சொல்லு" என்றார்.

மகள் பொன்னாடையோடு மேடை ஏறினாள். டீச்சர் நல்ல உயரம். இவள் அவர் தோளுக்குக்கூட வர மாட்டாள். கையைத் தூக்கிப் போர்த்தப் பார்த்தாள், எட்டவில்லை. பொன்னாடை நழுவிக் கீழே விழுந்தது. எடுத்து மறுபடியும் முயன்றாள். மறுபடியும் விழுந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வீட்டில் ஒவ்வொரு தடவையும் நான் என்னை அறியாமலே குனிந்து கொடுத்திருக்கிறேன். பதினான்கு தடவையும் போர்த்திக்கொண்டது நான்தான்.

டீச்சர் குனியவில்லை. விருந்தினர் பொன்னாடையை வாங்கிப் போடுவதற்காகப் பாதி எழுந்தார். டீச்சர் அவரிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொல்ல, உட்கார்ந்துவிட்டார். நானும் எழுந்துவிட்டேன். மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "உக்காருங்கோன்னா. அவா கையைப் பாருங்கோ."

பார்த்தேன். டீச்சர் எங்களுக்குப் பக்கவாட்டில் நின்றிருந்ததால், முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்த கைகள் நன்றாகத் தெரிந்தன. ஒரு கை மற்றொன்றின் மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தது. இத்தனை வருடம் பழகியவருக்கே அது அவ்வளவு சுலபமாக இல்லை. நான் உட்கார்ந்து, என் கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"இன்னா சார் இது, யாராச்சும் போய் எட்து போட்டுடேன்" என்று மைக்செட்காரர் மறுபடியும் வந்தார்.

"அவளே போடுவா, இருப்பா" என்றாள் மனைவி.

மகள் மேடையில் பேசாமல் நின்றாள். வீட்டில் பானைக்குப் பக்கத்தில் நிற்பாளே, அதே நிற்பு. டீச்சரின் தோளைப் பார்த்தாள். அவருக்குப் பின்னாலிருந்த நாற்காலியைப் பார்த்தாள்.

"டீச்சர், உக்காருங்கோ."

மெதுவாகத்தான் சொன்னாள். மைக்கில் எல்லோருக்கும் கேட்டது. அடுத்த கணம் டீச்சர் உட்கார்ந்துவிட்டார். அவள் நிதானமாகப் போர்த்தினாள். ஒரு பக்கம் நீண்டும் மறுபக்கம் குட்டையாகவும் தொங்கியது. விழா முடியும் வரை டீச்சர் அதைச் சரிசெய்துகொள்ளவே இல்லை.

அன்றோடு எல்லாம் மாறிவிட்டது என்று சொன்னால் பொய். மறுநாள் காலையும் என் மகள் பானைக்குப் பக்கத்தில் போய்த்தான் நின்றாள். எடுத்துக் கொடுக்க என் கை பரபரத்தது. பின்னால் கட்டிக்கொண்டேன். அவள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். என் காப்பி ஆறிப்போன பிறகு, "அப்பா, ஜலம் வேணும்" என்றாள்.

எங்கள் காலத்துக்குப் பிறகு யார் கொடுப்பார்கள் என்ற கவலை இன்றும் எனக்குத் தீரவில்லை. ஆனால் வேண்டியதை அவள் கேட்பாள் என்பதை, குனியாமல் நின்ற அந்த டீச்சர் எனக்குக் காட்டிவிட்டுத்தான் ஓய்வு பெற்றார்.