பிரஷுக்குள் சுற்றி வைத்த நூல்

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்கள் ஆறு பேர். நான், என் நாத்தனார், ஏரிக்கரைக் குப்பத்திலிருந்து எங்களிடம் வேலைக்கு வரும் அக்கா தங்கை இருவர், காக்களூர் கம்பெனியிலிருந்து சரக்கைச் சோதிக்க வந்த சார், அவரைப் பஸ் ஸ்டாண்டிலிருந்து தன் ஷேர் ஆட்டோவில் ஏற்றிவந்து வாசல் நிலையில் சாய்ந்து நின்ற என் வீட்டுக்காரர். ஒரு பல்லியும் இருந்திருக்கும். விளக்குமாற்றோடு எவ்வளவு துரத்தியும் அது போன மாதிரி தெரியவில்லை. அதனால் சார் உள்ளே இருந்த நேரம் முழுக்க என் ஒரு கண் கூரையிலேயே இருந்தது.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்குப் பின்பக்கம், எங்கள் வீட்டை ஒட்டி வாடகைக்கு எடுத்த ஒற்றை அறை அது. அங்கே என்ன வேலை நடக்கிறது என்று கேட்டால் பலருக்குச் சிரிப்பு வரும். பல் தேய்க்கிற பிரஷுக்கு நூல் சுற்றுகிறோம். பார்வைக்குச் சாதாரண பிரஷ்தான், கைப்பிடி மட்டும் கொஞ்சம் தடிமன். கைப்பிடியின் அடியில் ஒரு மூடி. மூடியைத் திறந்தால் உள்ளே தையல் மிஷினில் இருப்பது போல ஒரு குட்டி பாபின், அதில் மெழுகு பூசிய, புதினா மணக்கும் மெல்லிய வெள்ளை நூல். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் விட்டு இழுத்தால் இடுக்கில் சிக்கியதெல்லாம் வந்துவிடும். வேண்டிய அளவு இழுத்து, மூடியிலேயே பதித்திருக்கும் சின்னத் தகட்டில் வைத்து அழுத்தினால் நூல் அறுந்துவிடும். கம்பெனியில் இதற்கு இங்கிலீஷில் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். எங்களுக்கு அது பல் நூல்.

பிரஷைக் காக்களூரில் வார்க்கிறார்கள். பெரிய உருளையில் வரும் நூலைக் குட்டி பாபினில் சுற்றி, கைப்பிடிக்குள் வைத்து, நுனியை ஓட்டை வழியாக வெளியே எடுத்து, மூடியை மூடித் தருவது எங்கள் வேலை. நான் முன்பு அதே கம்பெனியில் காண்டிராக்டில் பேக்கிங்கில் நின்றவள். இருட்டோடு கம்பெனி பஸ் ஏறினால் இருட்டிய பிறகுதான் இறங்குவேன். இந்த நூல் வேலையை வெளியே கொடுக்கப்போகிறார்கள் என்று காதில் விழுந்ததும் மேனேஜரிடம் போய், நானே எடுத்துச் செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அதற்கு முன்னால் அவர் அறைக் கதவு வரை இரண்டு தரம் போய்த் திரும்பியது உண்மை. ஆனால் சொல்லிவிட்டேன். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். என்னிடம் இல்லாததைப் பற்றி யோசித்துக்கொண்டு நின்றால் எந்த வாசலிலும் நுழைய முடியாது என்பது எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும்.

பயந்த சுபாவம்தான். அதை நான் மறைப்பதில்லை. பஸ்ஸில் ஏறினால் பிரேக் பிடிக்குமா என்று பார்ப்பேன், கேஸ் அடுப்பை அணைத்துவிட்டு மூன்று தரம் திரும்பிப் போவேன். ஆனால் ஒரு தொழிலை நடத்துவதற்குப் பயப்படுகிறவளை விடத் தோதான ஆள் கிடையாது என்று இன்றைக்கும் சொல்வேன். எங்கள் பக்கத்தில் இரும்பு உருக்கும் கம்பெனிகளிலிருந்து கரித்தூள் பறந்து வரும். கொடியில் காயும் வெள்ளைத் துணி சாயங்காலத்துக்குள் சாம்பல் நிறமாகிவிடும். வெள்ளை நூலில் அது படிந்தால் என்ன ஆகும்? ஜன்னலைப் பழைய புடவையை நனைத்து மூடினேன். முடி விழுந்தால்? தலைக்கு வலைத் தொப்பி வாங்கினேன். தும்மினால்? முகத்துக்கு மாஸ்க். எறும்புக்கு மேஜைக்கால் நான்கிலும் தண்ணீர்க் கிண்ணம். நாத்தனார் என்னைப் பார்த்து, "அண்ணி, பல்லு நூலு சுத்தறமா, இல்ல ஆபரேஷன் பண்றமா?" என்று கேட்டாள். இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் நூல் சுற்றுவது எனக்கு வரவில்லை. நான் சுற்றியது தளர்ந்து போய், கைப்பிடிக்குள் சிக்கிக்கொண்டு, இழுத்தால் மொத்தமாகப் பிதுங்கியது. நாத்தனாருக்கும் அதே கதிதான். அப்போதுதான் என் வீட்டுக்காரர், ஏரிக்கரைப் பெண்களைக் கேட்டுப் பார் என்றார். அவர் ஆட்டோவில் மீன் கூடையோடு ஏறி இறங்குகிறவர்கள். பிறந்ததிலிருந்து வலை நூலைக் கையில் பிடித்தவர்கள். அப்படி வந்தவர்கள்தான் இந்த அக்காவும் தங்கையும். அக்காவுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. முட்டி வீங்கி, நின்று வேலை செய்ய முடியாது. அதனாலேயே தொழிற்பேட்டையில் எந்தக் கம்பெனி வாசலிலும் அவரை எடுக்கவில்லை. என்னிடம் வந்த முதல் நாள் ஸ்டூலில் உட்கார்ந்து, மேஜையில் பொருத்திய சின்னக் கைராட்டினத்தை ஒரு கையால் சுற்றி, மறு கையால் நூலை இழுத்துப் பிடித்தபடி அவர் சுற்றிய பாபினைக் கைப்பிடிக்குள் போட்டு இழுத்துப் பார்த்தேன். வெண்ணெய் மாதிரி வந்தது.

உட்கார்ந்து செய்கிற வேலை கிடைத்ததில் அவருக்கு இருந்த சந்தோஷத்தை என்னால் சொல்ல முடியாது. "எம்மாந்தூரம் நடந்து, எத்தினி பேரைக் கெஞ்சியிருப்பேன். இந்த ஸ்டூலை இனிமே எவளுக்கும் தரமாட்டேன்," என்பார். அந்த முதல் சரக்கு பாஸானால்தான் மாதா மாதம் வேலை வரும் என்று அவருக்கும் தெரியும். வராவிட்டால் மற்ற எங்கள் மூன்று பேருக்கும் கம்பெனி பஸ் உண்டு. அவருக்கு அதுவும் கிடையாது.

செய்கிறவர்களுக்குப் பொருளின் அருமை தெரிய வேண்டும் என்று கம்பெனியிலிருந்து ஆளுக்கொரு பிரஷ் கொடுத்திருந்தார்கள். நான் முதல் முறை நூலை விட்டு இழுத்ததும் ஈறில் ரத்தம் வந்துவிட்டது. அன்று முழுக்கப் புற்றுநோய் என்றே முடிவு கட்டியிருந்தேன். அக்கா தன் பிரஷை வீட்டுக்கே கொண்டுபோகவில்லை. மீன் முள் சிக்கினால் ஈர்க்குச்சி இருக்கிறது, இதற்கு ஒரு நூலா என்று கேட்டுவிட்டு, அதைத் தங்கையின் மகளுக்குக் கொடுத்துவிட்டார். அந்தப் பெண் நூல் முழுவதையும் இழுத்து பொம்மைக்குப் பின்னல் போட்டாளாம்.

சார் வந்த அன்று எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. இளைஞர், பேச்சில் மரியாதை உள்ளவர். வரிசையாக அடுக்கியிருந்த அட்டைப் பெட்டிகளிலிருந்து அங்கொன்றும் இங்கொன்றுமாக எடுத்து, மூடியைத் திறந்து, நூலை இழுத்துப் பார்த்தார். ஒன்றுகூடச் சிக்கவில்லை. ஈர ஜன்னலைப் பார்த்தார், கிண்ணத்தில் நிற்கும் மேஜைக்காலைப் பார்த்தார், கொஞ்சம் சிரித்தார். பெரிய கம்பெனியில்கூட இவ்வளவு சுத்தம் பார்ப்பதில்லை என்றார். எனக்கு உடம்பு லேசாகிவிட்டது. சுற்றுவதையும் ஒரு தரம் பார்த்துவிடுகிறேன் என்று அக்காவின் பின்னால் போய் நின்றார்.

அக்கா ராட்டினத்தைச் சுற்றினார். பாபின் நிறைந்தது. பிறகு நூலை விடாமலே அந்தக் கையின் ஒரு விரலால் மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கி, குனிந்து, நூலைக் கடைவாயில் வைத்து நறுக்கென்று கடித்துவிட்டு, அதே விரலால் மாஸ்க்கை ஒழுங்காக மூக்கு வரை ஏற்றிக்கொண்டார். பாபினைத் தட்டில் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். கத்திரி பக்கத்திலேயே, துணி விரித்த தட்டில் பளபளவென்று கிடந்தது.

சார் அந்தப் பாபினை எடுத்து, நூலின் அறுந்த நுனியைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"இப்ப என்னம்மா பண்ணீங்க?"

"நூல் அறுத்தேன், நைனா."

"பல்லாலயா?"

"பல்லுக்குத்தானே போவுது இது. இன்னொரு பல்லு பட்டா இன்னா?"

என் வீட்டுக்காரர் தெருவைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்குவது எனக்குத் தெரிந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. வலை பின்னும்போது அவர்கள் நூலை அப்படித்தான் அறுப்பார்கள், எனக்குத் தெரியாததில்லை. கரிக்கும் எறும்புக்கும் பல்லிக்கும் பயந்தவள், வாய்க்குப் பயப்படாமல் விட்டிருக்கிறேன்.

நாத்தனார் முந்திக்கொண்டாள். இன்றைக்குத்தான் முதல் தடவை இப்படி, நீங்கள் வந்து நிற்பதில் அவருக்குப் படபடப்பு என்று சாரிடம் சமாளித்தாள். அவள் நல்லதற்குத்தான் சொன்னாள். ஆனால் அக்காவுக்கு அது பிடிக்கவில்லை.

"எனக்கு இன்னா படபடப்பு? வந்த நாளா இப்படித்தான் அறுக்கறேன். ஒரு கை ராட்டினத்துல, ஒரு கை நூல்ல. ராட்டினத்தை உட்டா சுத்தனது அத்தனையும் தளந்துடும். கத்திரி எடுக்க மூணாவது கைக்கு நான் எங்க போவேன்?"

அவர் சொன்னது நியாயம். அவர் தங்கை தலையைக் குனிந்துகொண்டிருந்த விதத்தில், அவளும் அப்படித்தான் செய்திருக்கிறாள் என்பதும் தெரிந்துபோயிற்று.

சார் என்னை வாசல் பக்கம் அழைத்துப் போனார். அவருக்கும் கையோடு சரக்கு கொண்டுபோயாக வேண்டிய நெருக்கடி இருந்தது போலிருக்கிறது. குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"அந்தப் பெரியம்மாவை நாளையிலேர்ந்து நிறுத்திடுங்க. இன்னைக்குப் பார்த்ததை நான் எழுதல. சரக்கு பாஸ்னு போட்டுடறேன். அடுத்த மாசத்துலேர்ந்து வேலை வரும்."

ஒரு நிமிஷம் நான் யோசித்தேன், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் பயப்படுகிறவளின் யோசனை எங்கே போகும் என்று உங்களுக்குத் தெரியாது. எங்கேயோ ஒரு ஊரில் யாரோ ஒரு பிள்ளை குளியலறையில் நின்று அந்த நூலை வாயில் விட்டு இழுக்கிறது. மறுநாள் அதற்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரி வாசலில் அதன் அம்மா உட்கார்ந்திருக்கிறாள். இந்தச் சரக்கு இங்கிருந்து கிளம்பினால் அந்த அம்மா என் தூக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவாள், எழுந்து போகவே மாட்டாள். இன்னொன்று, அக்கா காதில் சார் சொன்னது விழுந்திருந்தது. அவர் கை ராட்டினத்தின் மேல் அப்படியே நின்றிருந்தது. எங்களைப் பார்க்காமல் பாபின் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நடக்கக்கூடாதது நடந்துவிட்ட பிறகு எனக்குப் பயம் இருப்பதில்லை. வருவதற்கு முன்னால்தான் என் பயமெல்லாம். குரல் கொஞ்சமும் நடுங்காமல் சொன்னேன்.

"இல்ல சார். சரக்குதான் போவாது, அவங்க இருப்பாங்க. நீங்க இழுத்துப் பாத்து நல்லா இருக்குன்னு சொன்னது அத்தனையும் அவங்க கை. அவங்கள அனுப்பிட்டா அப்பறம் நான் யாரை வெச்சு சுத்தறது? இந்த நூல் மொத்தத்தையும் கழிச்சுடறோம். புது நூல் குடுங்க. கடிக்காம சுத்தித் தரோம்."

கழிக்கிற நூலுக்கான விலையைக் கம்பெனி உங்கள் பில்லில்தான் பிடிக்கும் என்றார் சார். பிடிக்கட்டும் என்றேன். நாத்தனார் என் முந்தானையைப் பின்னாலிருந்து இழுத்தாள். நான் திரும்பவில்லை. சார் என்னைப் பார்த்தார், உள்ளே பார்த்தார், மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்று ஆட்டோவில் ஏறினார். திரும்பி வந்த என் வீட்டுக்காரர், வழியெல்லாம் சார் ஒரு வார்த்தை பேசவில்லை என்று சொன்னார். "ஆனா எறங்கும்போது சிரிச்சாரு," என்றார். எதற்குச் சிரித்தார் என்று அன்று முழுவதும் அவரைக் கேட்டுப் பேஜாரு பண்ணினேன்.

மறுநாளே போனில் சரி என்று சொல்லிவிட்டார்கள். ஒவ்வொரு பிரஷாகத் திறந்து நூலை உருவினோம். வெள்ளையாக மேஜை நிறையக் குவிந்து, அறை முழுக்கப் புதினா வாசனை. நாத்தனார் அதில் ஒரு கை அள்ளிப்போய்க் கனகாம்பரம் தொடுத்தாள். மூன்றாவது கை விஷயத்தைத் தங்கைதான் தீர்த்தாள். அக்காவை நிறுத்தச் சொன்னது அவளுக்கு ஆறவில்லை. உடைந்துபோன பிரஷிலிருந்து மூடியைப் பிடுங்கி, அறுக்கிற தகடு மேலே இருக்கும்படி மேஜை விளிம்பில் பசை போட்டு ஒட்டிவிட்டாள். நூல் பிடித்த கையை அப்படியே கீழே இழுத்தால் அறுந்தது. ராட்டினத்தை விட வேண்டியதில்லை. இவ்வளவுதானா என்று அக்கா கேட்டார். இருந்தும் முதல் வாரத்தில் பாபின் நிறைந்ததும் அவர் விரல் தானாக மாஸ்க்குக்குப் போகும். பாதி இறக்கி, எங்களைப் பார்த்து, மறுபடி ஏற்றிக்கொள்வார். "வாய் கேக்கல, இன்னா பண்றது," என்பார்.

இரண்டாம் சரக்கு பாஸாயிற்று. சார் மேஜை விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அதிலிருந்து வேலை நிற்கவில்லை. அக்கா இன்றைக்கும் அதே ஸ்டூலில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

சண்டை என்று வந்தால் அது பணத்தில்தான். கழித்த நூலின் விலை ஒன்பதாயிரத்து இருநூறு ரூபாய். கம்பெனி ஒவ்வொரு பில்லிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிக்கிறது. பில் வருகிற அன்றெல்லாம் அக்கா தன் கூலியிலிருந்து எடுத்து என் மேஜையில் வைப்பார். "என் வாய் பண்ண செலவு. நான்தான் குடுக்கணும். என் டப்பை எடுத்துக்கோ," என்பார். வாய்க்குப் பதில் ஒரு தகடு வைக்க மறந்தது நான், அதனால் இது அறையின் செலவு, நாலு பேருக்கும் பொது என்று திருப்பிக் கொடுப்பேன். அவர் மறுபடி வைப்பார். கடைசியில் நாலாகப் பிரித்துப் போட்டுக்கொள்வது என்று ஒத்துக்கொள்ள வைத்தேன். போன பில் வரை பிடித்தது போகக் கம்பெனிக்கு நாங்கள் இன்னும் தர வேண்டியது மூவாயிரத்து நானூற்று ஐம்பது ரூபாய்.