ஒன்று முதல் ஐந்து வரை

நம்பிக்கையை அளப்பது என் தொழில். இதைச் சொன்னால் சிலர் சிரிக்கிறார்கள், சிலர் பாவமாகப் பார்க்கிறார்கள். சமவெளியில் ஒரு பல்கலைக்கழகத்தின் வணிகத் துறையில் இருபத்தைந்து ஆண்டுகளாக, மனிதர்கள் இயந்திரங்களை எவ்வளவு நம்புகிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒன்று என்றால் நம்பவே இல்லை. ஐந்து என்றால் முழுக்க நம்புகிறேன். வினாத்தாளும் கையுமாக அந்நியர் வீட்டு வாசலில் நின்று, உள்ளே தொலைக்காட்சியின் ஒலி வேண்டுமென்றே கூடுவதைக் கேட்டிருக்கும் சக ஆய்வாளர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மலேசிய மலையூரான பிரிஞ்சாங்கிலிருந்து மேலே பிரியும் ஒரு சாலையின் முடிவில், ஒரு சிறிய தேயிலைத் தோட்டத்தின் மேல் லயத்தில் நடந்தது இது. தொழிலாளர்களுக்கான பதினான்கு வரிசை வீடுகள். அவற்றுக்குப் பின்னால் செங்குத்தான சரிவு. அந்தச் சரிவு முன்பு ஒருமுறை அசைந்திருக்கிறது. அதனால் ஒரு நிறுவனம் சோதனைக்காக மண்ணில் கருவிகளைப் புதைத்திருந்தது. மண் நகர்வதாகத் தெரிந்தால் எல்லாருடைய கைப்பேசியும் அலறும். உடனே வீட்டை விட்டு இறங்கி, கீழேயுள்ள மண்டபத்துக்கு வந்துவிட வேண்டும். அலறினால் வருவார்களா? அதைக் கண்டுபிடித்துச் சொல்வதுதான் என் வேலை. என் அறிக்கையைப் பார்த்துத்தான் கருவிகளை வைத்திருப்பதா, கழற்றுவதா என்று தோட்டத்து மேனேஜர் முடிவு செய்வார்.

வாந்தி எடுத்தவருக்கு மதிப்பெண்

முதல் வாரமே வினாத்தாள் கொடுத்தேன். இருபத்தாறு பேர் பதில் எழுதினார்கள். இருபத்தாறும் ஐந்து. என் வாழ்க்கையில் அப்படி ஒரு முடிவைப் பார்த்ததில்லை. அன்று மாலை அறையில் உட்கார்ந்து, மலை மனிதர்களின் களங்கமற்ற மனம் என்றெல்லாம் குறிப்பேட்டில் எழுதினேன். நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

மறுநாள் பாக்கியத்தைப் பார்த்தேன். அந்த லயத்தின் கங்காணி. என் வயதுதான் இருக்கும். சரிவுக்கு மிக அருகில், மேலே கடைசியாக இருக்கும் வீடு அவருடையது. எல்லாரும் எப்படி இந்தக் கருவியை இவ்வளவு நம்புகிறீர்கள் என்று கேட்டேன். அவர் கையிலிருந்த மழைக்கோட்டை உதறிக்கொண்டே சொன்னார்: "அவ்ளோ வளைவுல வாந்தி எடுத்துக்கிட்டே மேல வந்த மனுசன் சார் நீங்க. உங்களுக்குப் போயி ரெண்டு மூணுன்னு போடுறதா? எல்லாரும் அஞ்சே போட்டுருங்கன்னு நான்தான் சொன்னேன் லா."

கூடைக்குள் குடியிருந்தவர்கள்

சரி, வாய்தான் பொய் சொல்லும், எண்கள் சொல்லாது என்று கைப்பேசிகளின் இருப்பிடத் தரவை எடுத்துப் பார்த்தேன். யார் எங்கே இருக்கிறார்கள், எச்சரிக்கை வந்தால் எந்தப் பக்கம் நகர்கிறார்கள் என்று அதில் தெரிய வேண்டும். தெரிந்தது வேறு. லயத்தின் மக்கள் அத்தனை பேரும் இரவும் பகலும் பெரட்டுக் கொட்டகையில், ஒரு கை அகல இடத்தில், ஒருவர்மேல் ஒருவர் நின்றுகொண்டிருந்தார்கள். (காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலை பிரிப்பதைத் தோட்டத்தில் பெரட்டு என்பார்கள்.)

போய்ப் பார்த்தேன். கொட்டகையின் கூரைக் கம்பியில் ஒரு பழைய கொழுந்துக் கூடை தொங்கியது. அதற்குள் பிளாஸ்டிக் பையில் கட்டிய கைப்பேசிகள். மலை மடிப்புக்குள் ஒளிந்திருக்கும் அந்த லயத்தில் அந்த ஓர் இடத்தில்தான் சிக்னல் கிடைக்கும். ஆகவே எல்லாரும் கைப்பேசியை அங்கே விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். மழை பெய்தால் முறை வைத்து ஒருவர் கூடைக்கு அடியில் உட்கார்ந்திருப்பார். அலறினால், பக்கத்தில் தொங்கும் பெரட்டு மணியை, அதாவது ஒரு தண்டவாளத் துண்டை, இரும்புக் கம்பியால் அடிப்பார். நிறுவனத்தின் அத்தனை தொழில்நுட்பமும் கடைசி இருநூறு அடியை அந்தத் துண்டின் முதுகில்தான் கடந்தது.

கருவியை வடிவமைத்தவர்கள் இதைக் கேட்டால் அழுதுவிடுவார்கள் என்றேன். அன்று முறைக்கு இருந்த லாரி டிரைவர் மணி கூடையை அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னான்: "எங்களுக்கு எட்டாத எடத்துல அவங்க போன் வச்சாங்க, போனுக்கு எட்டுற எடத்துல நாங்க மணி வச்சோம். கணக்கு சரியாப் போச்சுல்ல சார்?"

மூன்று ஊர்வலங்கள்

பாக்கியத்தின் கணவர் சின்னையா இரண்டு வருடமாக நடக்க முடியாதவர். பக்கவாதம் ஒரு கையையும் ஒரு காலையும் எடுத்துக்கொண்டது, வாயை விட்டுவிட்டது. எச்சரிக்கை வந்தால் அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, இரண்டு மூங்கிலில் கட்டி, நான்கு பேர் தூக்கி முப்பத்தோரு படி இறக்க வேண்டும். மேல் வீட்டில் அவர் இருக்கும்வரை, மணி அடித்தால் ஆட்கள் வருவார்களா என்ற என் ஆராய்ச்சிக் கேள்வி அவருக்கு உயிர்க் கேள்வி.

முதல் அலறல் ஒரு பிற்பகல் மழையில் வந்தது. எல்லாரும் வந்தார்கள், மண் அசையவில்லை. காட்டுப்பன்றி ஒன்று கருவியின் கம்பத்தில் முதுகு சொறிந்திருந்தது. இரண்டாவது, பழுது பார்க்க வந்தவர் சொல்லாமல் செய்த சோதனை. மூன்றாவதுக்குக் காரணமே தெரியவில்லை. ஒவ்வொரு தடவையும் நான் குடை பிடித்து, நேரம் பார்த்துக் குறித்துக்கொண்டிருந்தேன். ஒருவர் தூக்கிச் செல்லப்படும்போது பக்கத்தில் நின்று கடிகாரம் பார்ப்பது எப்படிப்பட்ட வேலை என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

மூன்றாம் தடவை, மழையில் நனைந்து, மறுபடியும் மேலே தூக்கிச் செல்லப்படும் வழியில் சின்னையா நாற்காலியிலிருந்து என்னைக் கூப்பிட்டார்: "வாத்தியாரே, மூணு தடவ சாமி ஊர்வலம் போயிட்டு வந்துட்டேன். ஒரு சூடம் கொளுத்த ஆள் இல்ல. என்ன தோட்டம்யா இது?"

எனக்கு வந்த சந்தோஷம்

மறுபடி வினாத்தாள் கொடுத்தேன். இந்த முறை உண்மையைத்தான் எழுத வேண்டும் என்று பாக்கியத்திடம் கெஞ்சினேன். உண்மையை எழுதினார்கள். ஒன்று, இரண்டு, இரண்டு, ஒன்று. வங்காளதேசத்திலிருந்து வந்து ஆறு வருடமாகக் கொழுந்து வெட்டும் ரஹீம் மட்டும் ஒன்றுக்கு முன்னால் ஒரு பூஜ்யத்தைத் தானே வரைந்து அதில் குறியிட்டிருந்தான். பொய் எச்சரிக்கை கூடினால் நம்பிக்கை குறையும், நம்பிக்கை குறைந்தால் மனிதர்கள் நகர மாட்டார்கள். என் துறையில் முதலாம் ஆண்டு மாணவனுக்கும் தெரிந்த விதி. அது கண்முன்னே நிரூபணமாகிறது என்று எனக்குச் சந்தோஷம் வந்தது. வந்ததை மறைப்பதில் பயனில்லை.

மேனேஜரிடம் போய்ச் சொன்னேன்: அடுத்த முறை இவர்கள் வெளியே வர மாட்டார்கள். அவர் கெட்டவர் அல்ல. கம்போங் ராஜா ஊர்ப் பக்கம் இன்னொரு சரிவு இருக்கிறது, கருவிகளை அங்கே வைத்தாலாவது பயன்படும் என்று யோசித்தார். அப்படியானால் இந்த லயத்துக்கு என்ன என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. எழுந்து கதவருகே வந்தபோது அவர் சொன்னது முதுகில் விழுந்தது: "வராதவங்களுக்கு மணி எதுக்கு டாக்டர்?"

நான்காவது மணி

இரண்டு நாள் கழித்து, மாலை நான்கு மணி இருக்கும். மூன்றாம் நம்பர் வீட்டில் எனக்குக் கொடுத்திருந்த அறையில் அறிக்கையின் கடைசிப் பக்கத்தைத் தட்டிக்கொண்டிருந்தேன். மழை தகரத்தில் இடித்தது. 'அடுத்த எச்சரிக்கையை இம்மக்கள் பொருட்படுத்த மாட்டார்கள்' என்று எழுதி முடிக்கும்போது தண்டவாள மணி அடித்தது.

நான் எழவில்லை. இன்னொரு பன்றி என்று நினைத்தேன். வாக்கியத்துக்குப் புள்ளி வைத்தேன்.

கதவு உடைவதுபோலத் தட்டல். ரஹீம். தலையில் கொழுந்துச் சாக்கு. "சார், ஒரு ஆள் தானா ராத்தா டவுனுக்குப் போயாச்சு. கை குறையுது. இடது கால் பக்கம் நீங்க. வாங்க, செப்பாட்!" சீக்கிரம் என்று மலாயில் அவன் கத்திய கத்தலில் செருப்பில்லாமல் ஓடினேன்.

மேல் வீட்டில் சின்னையாவின் நாற்காலி தயாராக இருந்தது. முன்னால் டிரைவர் மணியும் அவன் தம்பியும். பின்னால் ரஹீமும் நானும். இறக்கத்தில் அவர் கால் முன்னே போக வேண்டும் என்று நாற்காலியைத் திருப்பினார்கள், நான் முன் மூலைக்கு வந்தேன். ரஹீமும் மணியின் தம்பியும் ஒரே கொழுந்து வெட்டும் இயந்திரத்தின் இரு பிடிகளைப் பிடிப்பவர்கள். செடி வரிசைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். இன்ஜின் இரைச்சலில் பேச்சு கேட்காது. பிடியின் இழுப்பை வைத்தே மற்றவர் எங்கே கால் வைக்கிறார் என்று தெரிந்துகொண்டு சரிவில் நடப்பார்கள். அதே நடைதான் இங்கும். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. என் கால் வழுக்கிய இரண்டு படிகளிலும், நான் சாயும் முன்பே மற்ற மூன்று தோள்களும் கொஞ்சம் தாழ்ந்து என் பக்கத்துப் பாரத்தை வாங்கிக்கொண்டதை மூங்கில் வழியாக உணர்ந்தேன். அப்படி ஒன்றை நான் எந்த வினாத்தாளிலும் சந்தித்ததில்லை.

மண்டபத்தில் பாக்கியம் பெரட்டு எடுத்தார். வீட்டு நம்பர் சொல்லிப் பேர் கூப்பிட்டார். ஒன்று போட்டவர்கள், இரண்டு போட்டவர்கள், எல்லாரும் நனைந்தபடி "இருக்கேன்" என்றார்கள். பூஜ்யம் போட்டவன் என் பக்கத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். "மூணாம் நம்பர், வாத்தியார் சார்" என்று குரல் வந்தபோது வேறு யாரையோ என்று திரும்பிப் பார்த்தேன். என் பெயர் ஒரு பெரட்டில் இருப்பது அன்றுதான் தெரியும். அவர் நிமிர்ந்து பார்த்து மறுபடி கூப்பிட்டார். "இருக்கேன்" என்றேன்.

அன்றும் மண் சரியவில்லை. ஒரு மணி நேரம் காத்திருந்தோம், மழை விட்டது. யாரும் கருவியைத் திட்டக்கூட இல்லை. நம்பாத எச்சரிக்கைக்கு எதற்கு ஓடி வந்தீர்கள் என்று டிரைவர் மணியைக் கேட்டேன். என் கோட்பாட்டின்படி நடந்துகொண்ட ஒரே ஆள் நான்தான் என்பது அவனுக்குத் தெரியாது. வேட்டியைப் பிழிந்துகொண்டே சொன்னான்: "போன நம்பி யாரு சார் வந்தா? நான் வரலன்னா சின்னையா அண்ணனோட ஒரு மூலைய யாரு புடிக்கிறது?"

காலியாக விட்ட கோடு

அந்த வாக்கியத்தை அழித்தேன். அறிக்கையைப் புதிதாக எழுதினேன். கருவியை நம்பவில்லை, ஆனால் வருகிறார்கள், எத்தனை முறை அடித்தாலும் வருவார்கள், ஆகவே கருவி அங்கேயே இருக்க வேண்டும். மேனேஜர் இரண்டு தடவை படித்தார். இதில் எது பொய் என்று கேட்டார். இரண்டும் உண்மை, பொய்யாக இருந்தது என் கேள்வி மட்டும்தான் என்றேன். கருவிகள் இருக்கட்டும் என்று கையெழுத்துப் போட்டார்.

இனிமேல் எந்த ஊருக்குப் போனாலும் கேட்க ஒரு புதுக் கேள்வி எழுதினேன்: 'நீங்கள் வராவிட்டால் யாரைத் தூக்க ஒரு கை குறையும்?' கேள்வியைப் பிறரிடம் கேட்கும் முன் நாமே பதில் எழுதிப் பார்ப்பது எங்கள் தொழில் வழக்கம். புறப்படும் நாள் காலை பெரட்டுக் கொட்டகையில், கூடைக்கு அடியில் உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். முகத்தைக் காட்டினால் கதவு திறக்கும் அடுக்குமாடியில் பதினோரு வருடமாக இருக்கிறேன். எதிர்வீட்டுக்காரர் பெயர் தெரியாது. எனக்கு ஒன்று நேர்ந்தால் கதவுக்குத்தான் முதலில் தெரியும். விடைக்கான கோட்டைக் காலியாக விட்டேன்.

பேர் கூப்பிட்டு முடித்த பாக்கியம் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். கேள்வியை மெதுவாக, எழுத்துக் கூட்டுவதுபோல வாசித்தார். காலிக் கோட்டையும் பார்த்தார். பிறகு, வேலைக்கு வராத ஆளை அதட்டும் அதே குரலில் சொன்னார்: "என்ன சார் யோசன? எழுதுங்க. எங்க வீட்டுக்காரரு, இடது கால் பக்கம்."

மற்றவர்களின் நம்பிக்கையை அளக்க மலை ஏறிய நான், தோளில் ஒரு வாரம் ஆறாத மூங்கில் காயத்தோடும், ஒன்று முதல் ஐந்து வரை எங்கே வைப்பதென்று தெரியாத ஒரே ஒரு விடையோடும், வழக்கம்போல அதே வளைவுகளில் வாந்தி எடுத்துக்கொண்டே இறங்கி வந்தேன்.