மூன்று நாற்பத்திரண்டு

என் கணவரைப் போலீஸார் அழைத்துப் போனபோது நான் அங்கன்வாடிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். முந்தைய நாள் அடிவாரத்துச் சந்தை ஊரில் புளி மண்டிக்காரரை அவருடைய மண்டிக்குள்ளேயே யாரோ அடித்துக் கொன்றிருந்தார்கள். அன்று மத்தியானம் அங்கே புளி போட்டுவிட்டு மலையேறியவர்களில் என் கணவரும் ஒருவர். எடை விஷயத்தில் பேச்சு முற்றி, நாலு பேர் பார்க்கச் சத்தம் போட்டிருக்கிறார்.

அவர் சொன்னது ஒன்றுதான். இரண்டரை மணி வாக்கில் வண்டியை எடுத்துவிட்டேன், அப்போது மண்டிக்காரர் சாப்பிட உட்கார்ந்துகொண்டிருந்தார் என்றார். மண்டிக்காரர் மூன்று மணிக்கு மேல் தன் மனைவியோடு போனில் பேசியிருக்கிறார். நாலு மணிக்குப் பிணமாகக் கிடந்தார். இரண்டரைக்குக் கிளம்பியவர் கொன்றிருக்க வழியில்லை. ஆனால் எதிர்ப்பக்க இரும்புக்கடைக் கேமராவில் இவருடைய பைக் மண்டியைவிட்டு வெளியே வரும் இடத்தில், மூலையில் 3.42 என்று ஓடியது.

இரண்டு நாள் கழித்து என்னையும் அடிவாரத்து ஸ்டேஷனுக்கு வரச்சொல்லி விசாரித்தார்கள். உன் வீட்டுக்காரர் எத்தனை மணிக்கு வந்தார் என்று அதிகாரி கேட்டார். மகளிர் குழுக் கூட்டம் முடிந்து நான் வீட்டுக்கு வரும்போது அவர் இருந்தார். பாறையில் காயப்போட்டிருந்த சாமையை அள்ளி மூட்டையாகக் கட்டி வைத்திருந்தார். நான் மூட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தேன், தானியம் வெயில் சூடு ஆறாமல் இருந்தது. நாலரை இருக்கும் என்றேன். அதிகாரி அதட்டவில்லை. தன் போனில் அந்தப் படத்தை ஓடவிட்டு என்னிடம் நீட்டினார்.

"பாரும்மா. மூணு நாப்பத்திரெண்டு. இங்கேர்ந்து ஒங்க ஊருக்கு ஒன்றர மணி நேரம் ஆவும். நாலரைக்கு எப்படி வந்திருப்பாரு?"

படத்தில் இருந்தது அவர்தான். அந்தச் சட்டையை அன்று காலையில் துவைத்த துணியிலிருந்து நான்தான் எடுத்துக் கொடுத்தேன். என்னிடம் கைக்கடிகாரம் இல்லை, கூட்டத்தில் யாரும் மணி பார்க்கவுமில்லை. ஒருவேளை கூட்டம் நீண்டுவிட்டதோ என்று நினைத்தேன். நினைக்க நினைக்க, அன்று வீட்டுக்கு வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது போலவே எனக்குத் தோன்ற ஆரம்பித்தது. ஆறு மணி ஆகியிருக்கலாம் என்று சொன்னேன். அப்படியே எழுதிக்கொண்டார்கள். யாரும் என்னை அடித்து அதைச் சொல்ல வைக்கவில்லை.

வேலூர் சிறையில் அவரை முதல் முறை பார்த்தபோது, மகள் எப்படிப் படிக்கிறாள் என்று கேட்டார். நான் அதற்குப் பதில் சொல்லாமல், "எங்கிட்டயாவது நெசத்த சொல்லிடுங்க" என்றேன்.

அவர் திருப்பிக் கேட்டார். "மூட்டயில கைய வுட்டுப் பாத்தியே. சாமை சூடா இருந்திச்சா, இல்லயா?"

"இருந்திச்சி. ஆனா கேமராவுல மூணு நாப்பத்திரெண்டுன்னு இருக்குதே."

அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மாதம் ஒரு முறை போனேன். மகளைப் பற்றிக் கேட்பார், ஆட்டைப் பற்றிக் கேட்பார். நேரம் முடிந்தது என்று சொல்லும் முன்பே எழுந்துவிடுவார்.

இலவச சட்ட உதவியில் எங்களுக்கு ஒரு பெண் வக்கீல் கிடைத்திருந்தார், என்னைவிட இளையவர். போலீஸார் கோர்ட்டில் கொடுத்தது என் கணவர் பைக்கில் வரும் சில நிமிடப் படத்தை மட்டும்தான். அன்றைய பதிவு முழுவதும் வேண்டும் என்று வக்கீல் மனுப் போட்டார். அது கைக்கு வர மாதக்கணக்கானது. வந்ததும் உட்கார்ந்து முழுவதையும் பார்த்திருக்கிறார். மண்டிக்கு முன்னால் போலீஸ் ஜீப் வந்து நிற்பதும் அதில் இருந்தது. போலீஸாரின் குறிப்பில் அவர்கள் அங்கே போய்ச் சேர்ந்தது 4.25. கேமராவில் அதே ஜீப் வரும்போது 5.32.

கோர்ட்டு வராந்தாவில் வக்கீல் இதை எனக்கு விளக்கினார். "கேமரா ஒரு மணி ஏழு நிமிஷம் முன்னாடி ஓடிருக்குக்கா. மாட்டினப்பவே நேரத்தத் தப்பா வச்சிட்டாங்க. அண்ணன் கெளம்பினது ரெண்டு முப்பத்தஞ்சிக்கு. அவரு சொன்னது சரி."

அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். நான் சந்தோஷத்தில் அழுகிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டு தண்ணீர் வாங்கி வந்தார்.

இரும்புக்கடைக்காரர் சாட்சிக் கூண்டில் ஏறி, கேமராவில் மணியெல்லாம் நான் பார்த்ததே இல்லை என்றார். ஒரு வருஷத்துக்கு மேல் உள்ளே இருந்த மனிதரை விடுவித்தார்கள். மண்டிக்காரரைக் கொன்றது யார் என்று இன்றுவரை தெரியவில்லை. தீர்ப்பன்று அவருடைய மனைவி எங்கள் பக்கம் திரும்பாமல் போய் பஸ் ஏறினார்.

இவர் வீட்டுக்கு வந்து நாற்பது நாள் இருந்தார். கூரையைச் சரிசெய்தார், வேலி கட்டினார். ஒரு தடவைகூட என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன், அழுதிருப்பேன். ஒரு காலையில் பையைக் கட்டினார். குடகில் காபித் தோட்டத்தில் வேலை இருக்கிறது, ஊர்க்காரர்கள் போகிறார்கள் என்றார். என்மேல் கோபமா என்று கேட்டேன்.

"கோவம் இல்ல. நீ பாக்கறப்பல்லாம், இன்னும் அந்தப் படத்தத்தான் பாக்கறியோன்னு தோணுது" என்றார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வார். வருஷத்துக்கு ஒரு முறை மகளைப் பார்க்க வந்து நாலு நாள் இருந்துவிட்டுப் போவார். போன மாதம் ஒரு ஞாயிறு, மனதைத் திடப்படுத்திக்கொண்டு, அன்றைக்கு நான் சொன்னது தப்பு என்றேன். இத்தனை வருஷத்தில் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"பாப்பாகிட்ட குடு" என்றார்.

கொடுத்தேன்.