மாப்பிள்ளையின் கையெழுத்து

அவளுடைய வலது கை கணினித் திரையில் மின்பேனாவால் ‘ஞ’வின் வாலை மெலிதாக்கிக்கொண்டிருந்தது. இடது கை, தாளில் மையால் எழுதிய அதே ‘ஞ’வின் மேல் பூதக்கண்ணாடியைப் பிடித்திருந்தது.

காதலிப்பவர்களுக்கு எழுத்து நேராக நின்றால் ஆகாது. சாய வேண்டும், சுருள வேண்டும். படிக்க வர வேண்டும் என்று ஒருவரும் கேட்டதில்லை.

அழைப்பிதழ் அச்சகத்தில் அவளைச் சுழியக்கா என்பார்கள். பதினாறு வருடம் பிறர் வரைந்த கணினி எழுத்துருக்களில் பெயர் கோத்தவள். ‘ழு’வின் சுழி கீழ்வரி ‘கி’யின் கொக்கியில் போய் முட்டுவதைப் பார்த்துப் பார்த்து எரிச்சலாகி, தானே வரையக் கற்றாள். ஒருவர் கையெழுத்தை எழுத்துருவாக்க வேண்டுமென்றால், அவரிடம் ஒவ்வொரு எழுத்தையும் மூன்று விதமாக எழுதி வாங்குவாள். ‘அம்மா’வில் இரண்டு ‘ம’வும் ஒரே வார்ப்பாக இருந்தால் கையால் எழுதியதல்ல என்ற குட்டு உடைந்துவிடும்.

இந்த எழுத்துருவைக் கேட்டவன் ஒரு மாப்பிள்ளை.

“கட்டிக்கப் போற பொண்ணுக்கு வாரா வாரம் என் கையால எழுதின லெட்டர் வேணுமாம் மேடம். டைப் பண்ணி அனுப்பினா கல்யாணத்தையே யோசிக்கணும்னுட்டா. என் கையெழுத்தையே எழுத்துருவா ஆக்கிட்டா டைப் பண்ணிப் பிரிண்ட் எடுத்துடலாம்ல?”

“நீங்களே எழுதினா?”

“நேரம் எங்க இருக்கு? அப்புறம், ஃ-ல மூணு புள்ளிக்கு மூணு ஹார்ட் வைங்க.”

“காதல் கடிதத்துல ஃ எங்க வரப்போகுது?”

“ஃபோன்னு எழுதுவேனே.”

அவன் அனுப்பிய தாள்கள் அழகாகத்தான் இருந்தன. ஆனால் பூதக்கண்ணாடியில், ஒவ்வொரு வரியிலும் மை வலப்பக்கமாக இழுபட்டிருந்தது. எழுதிய கை, ஈரம் காயுமுன் தன் எழுத்தின் மேலேயே உரசிப் போயிருக்கிறது. இடது கைக்காரருக்குத்தான் அப்படி ஆகும். ஆர்டர் படிவத்தில் அவன் கோழி கிளறியதுபோல் கையெழுத்திட்டது வலது கையால்.

சுழியக்கா ஃபோனில் கூப்பிட்டாள். “இதை எழுதினது யாரு?”

“தங்கச்சி. என் கையெழுத்து நல்லா இருக்காது மேடம்.”

“அப்ப அவங்களையும் கூட்டிட்டு வாங்க. எழுதினவங்க கையிலதான் குடுப்பேன்.”

காதலையே ஆள் வைத்துச் செய்கிறவன் என்று நினைத்துக்கொண்டாள். வேலையில் மட்டும் குறை வைக்கவில்லை. மூன்று வாரம் ஒவ்வொரு எழுத்தாகத் தேய்த்து முடித்தாள். ஹார்ட் வைக்கவில்லை.

அண்ணனும் தங்கையும் வந்தார்கள். தங்கைக்கு விஷயமே தெரியாது. கல்யாணப் பத்திரிகைக்கு என்று சொல்லித்தான் எழுதி வாங்கியிருக்கிறான். சுழியக்கா எல்லாவற்றையும் சொன்னாள்.

“அண்ணிக்கு நான் காதல் கடிதம் எழுதறதா?” தங்கை அண்ணனைப் பார்த்தாள். “பள்ளிக்கூடத்துல உன் கட்டுரை நோட்டும் நான்தான் எழுதினேன். அதோட விட்டிருக்கலாம்.”

“எழுத்து உன்னுதா இருந்தா என்ன, மனசு என்னுதுதானே.”

“அப்ப அந்த மனசையே பேனா புடிக்கச் சொல்லு. எனக்கு வேற வேலை இருக்கு.”

மாப்பிள்ளை சுழியக்காவிடம் திரும்பினான். “மேடம், நீங்களாவது சொல்லுங்க.”

அவள் மேசை மேலிருந்த, எழுத்துரு ஏற்றிய பென்டிரைவை எடுத்தாள். நீட்டிய அவன் கையைத் தாண்டி, தங்கையின் இடது கையில் வைத்தாள்.