தரங்கம்பாடிக்கு நாலு பேர்

நானும் என் மனைவியும் ஒரே வீட்டில் குடியிருந்தாலும், வேலைநாட்களில் நாங்கள் நேருக்கு நேர் பார்த்துக்கொள்வது ரயில் வாசலில்தான். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பி ஆலையில் நான் ஷிப்ட் சூப்பர்வைசர். அவள் பொன்னேரியில் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை செய்கிறாள். நைட் ஷிப்ட் முடிந்து எங்கள் ஊரான கவரைப்பேட்டையில் நான் இறங்குகிற அதே வண்டியில் அவள் ஏறுவாள். "பெரியவளுக்கு சளி. மாத்திரை குடுத்திருக்கேன்" என்பாள். வண்டி நகர்ந்துவிடும். மற்றதெல்லாம் போனில்.

இந்த ஏற்பாடு கவிழாமல் ஓடியதற்கு ஒரே காரணம் என் அக்கா. மாமா இறந்த பிறகு, பிள்ளைகள் இல்லாத அவள், என் பெரிய மகள் கைக்குழந்தையாக இருந்தபோது எங்கள் வீட்டுக்கு வந்தாள். என் மனைவி திரும்ப வேலைக்குப் போக முடிந்தது அதனால்தான். இரண்டு மகள்களுக்கும் தலை பின்னுவது, பள்ளிக்கூட வேனில் ஏற்றுவது, பகலில் நான் தூங்கும்போது வாசலில் யாரும் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்வது எல்லாம் அவள்தான்.

தரங்கம்பாடி என் மனைவியின் ஆசை. கல்லூரி டூரில் அங்கே அரை மணி நேரம் நிறுத்தியிருக்கிறார்கள். கோட்டைச் சுவரில் ஏறிக் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே டிரைவர் ஹாரன் அடித்துவிட்டாராம். அந்த ஊரில் ஒருநாளாவது தங்க வேண்டும் என்று கல்யாணமான புதிதிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். போன வருடம் போனில் ஒரு வீட்டின் படத்தை அனுப்பினாள். தடித்த சுவரும் ஓட்டுக் கூரையும் உள்ள பழைய காலத்து வீடு. பின்கதவைத் திறந்தால் மணல், அப்புறம் கடல். இரண்டு அறை. நாலு பேருக்கு மேல் தங்க அனுமதி இல்லை என்று போட்டிருந்தது.

அக்காவைப் பற்றிய பேச்சை நான்தான் முதலில் எடுத்தேன். அன்று மாலை என் மனைவி குரல் பதிவு அனுப்பினாள்.

"தப்பா நெனைக்காதீங்க. அண்ணி இருந்தா நீங்க அவங்க தம்பியாத்தான் இருக்கீங்க. அவங்ககிட்டதான் பேசறீங்க, அவங்க கையாலதான் சாப்பிடறீங்க. ஒரு மூணு நாளு நாம மட்டும் இருந்தா இன்னான்னு கேக்கறேன். அவ்ளோதான்."

அவள் சொன்னதில் பொய் இல்லை. அந்த வீட்டின் விதியை மறுபடி படித்துப் பார்த்தேன். நாலு பேர்தான். எனக்கு நிம்மதியாக இருந்தது. அக்காவை விட்டுப் போகிறோம் என்பதை விட, அதற்கு ஒரு காரணம் கிடைத்ததற்காக நான் நிம்மதிப்பட்டேன் என்பதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

என் போன் நம்பரைக் கொடுத்து மூன்று நாளுக்கு அந்த வீட்டை எடுத்தேன். மூன்று வாரம் இப்படியே ரகசியமாகத் திட்டம் போட்டோம். எழும்பூரிலிருந்து மயிலாடுதுறை வரை ரயில், அங்கிருந்து கார். கோட்டை காலையில் பார்ப்பதா, சாயங்காலமா. அக்கா பக்கத்தில் வந்தால் போனைக் கவிழ்த்து வைப்பேன். அவளிடம் எப்போது, எப்படிச் சொல்வது என்பதை மட்டும் நாங்கள் இருவருமே பேசவில்லை.

ஒருநாள் பகலில் நான் தூங்கிக்கொண்டிருந்தபோது அந்த வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர் போன் செய்திருக்கிறார். நான் தூங்கினால் என் போனை அக்காதான் எடுப்பாள். சாப்பாடு என்ன மாதிரி வேண்டும் என்று அவர் கேட்டிருக்கிறார். அவள் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, டீயோடு வந்து என்னை எழுப்பினாள். முகமெல்லாம் சிரிப்பு.

"இன்னாடா, எங்கிட்ட சொல்லாமலே பெரிய வேலையெல்லாம் பண்ணிக்கினு கீற? கடலுக்கு எதுர்லயே ஊடாமே!"

நான் எழுந்து உட்கார்ந்தேன்.

"அந்த ஆளு நாலு பேருன்னு சொல்றாரு. இல்லைங்க, அஞ்சு பேரு, எந்தம்பி தூக்கக் கலக்கத்துல தப்பா சொல்லியிருப்பான்னு சொன்னேன். சனிக்கெழம மட்டும் எனக்குக் கவுச்சி வேணான்னும் சொல்லிட்டேன். நீ அஞ்சுன்னு ஒருவாட்டி அவருக்குச் சொல்லிடு."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். டம்ளரை வாங்கிக்கொண்டே, "ஆமாக்கா, தப்பா சொல்லிட்டேன்" என்றேன்.

அதன்பிறகு வந்த நாட்கள் எனக்குத் தண்டனையாக இருந்தன. அக்கா பொன்னேரி பஜாருக்குப் போய் ஜிப் வைத்த நீலப் பை ஒன்று வாங்கிவந்தாள். ரயிலுக்குப் புளிச்சோறு கட்டுவதா, சப்பாத்தியா என்று என் மகள்களிடம் கேட்டாள். "எனக்கு முட்டிக்கால் தண்ணி போதும்பா, அதுக்கு மேல எறங்க மாட்டேன்" என்று தானாகவே சொல்லிக்கொண்டாள். பக்கத்து வீட்டு அம்மா ஒருத்தி, அக்காவுக்கு இந்த ஊரில் இருக்கிற ஒரே சிநேகிதி. அவளுக்கும் கணவர் இல்லை. வேலி ஓரமாக நின்று அக்கா அவளிடம் கோட்டையைப் பற்றி, ஏதோ தான் பார்த்துவிட்டே வந்ததுபோலப் பேசிக்கொண்டிருந்தது என் படுக்கை வரை கேட்டது.

"பழவேற்காடு பக்கத்துலயே கீதே, அங்கியும் கடலு, பழைய கல்லறைல்லாம் கீது. அத்த உட்டுட்டு அவ்ளோ தூரமா?" என்றாள் பக்கத்து வீட்டு அம்மா.

"எந்தம்பி கூட்டினு போறான், நான் போறேன்" என்றாள் அக்கா.

எனக்குத் தாங்கவில்லை. அதற்கு நான் செய்தது இன்னும் மோசம். லீவு கிடைக்கவில்லை, பயணம் ரத்து என்று அக்காவிடம் சொன்னேன். கொஞ்ச நாள் கழித்து, மனைவி வழியில் ஒரு கல்யாணம் என்று சொல்லிவிட்டு நாலு பேரும் கிளம்பிவிடலாம் என்பது என் கணக்கு. அக்காவின் முகம் ஒரு நொடி தொங்கியது. அப்புறம் என் தலையைத் தொட்டாள்.

"உடுடா. நீதான் பாவம், ராத்திரியெல்லாம் நெருப்பாண்ட நின்னுகினு கீற. லீவு கூடக் குடுக்க மாட்டன்றானுங்க. நமக்கு இன்னா, கடலு எங்க போயிடப் போவுது?"

மறுநாள் ரயில் வாசலில் இதை என் மனைவியிடம் சொன்னேன். ஏறுவதற்குத் தூக்கிய காலை அவள் கீழே வைத்துவிட்டாள். வண்டி அவளை விட்டுவிட்டுப் போனது.

"இன்னொரு பொய்யா? எங்க ஊட்டுக் கல்யாணம்னு எம்மேலயே போடுவீங்களா? நான் நாம மட்டும்னுதான் கேட்டேன். அவங்கள ஏமாத்தணும்னு கேக்கல."

அந்த ஞாயிற்றுக்கிழமை சமையலறையில், நானும் இருக்கும்போது, அவளே அக்காவிடம் சொன்னாள்.

"அண்ணி, லீவெல்லாம் இருக்குது. நாங்க நாலு பேரு மட்டும் போறதாத்தான் பேசினோம். நான்தான் கேட்டேன். உங்ககிட்ட நேராச் சொல்லாதது தப்பு."

அக்கா அடுப்பை அணைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"அப்ப அந்த போன்ல பேசனவரு சொன்னது கரெக்டுதானா?"

நான் தலை குனிந்தேன். அவள் பிள்ளைகளுக்குச் சோறு போட்டாள். மறுநாள் காலை அந்த நீலப் பையில் துணிகளை வைத்துக்கொண்டு ஆரம்பாக்கத்துக்குப் போய்விட்டாள். அங்கே எங்கள் அப்பாவின் வீடு பூட்டிக் கிடந்தது.

அந்த வாரம் நான் லீவு போட்டேன். கேட்டவுடன் கொடுத்தார்கள். எனக்குத் தலை பின்னத் தெரியாததால் சின்னவள் அழுதாள். மனைவி சீக்கிரம் வந்துவிடுவாள். நாங்கள் மட்டும்தான் வீட்டில் இருந்தோம், ஆனால் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. நாலாம் நாள் ஆரம்பாக்கத்துக்கு ரயில் ஏறினேன்.

அக்கா வாசற்படியில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். வீட்டைக் கழுவி விட்டிருந்தாள்.

"சாப்டியா?" என்றாள்.

"கோவமா கீறியாக்கா?"

"கோவம்தான். சோறு வேற, கோவம் வேற. உக்காரு."

தட்டில் கையை வைக்காமலே சொன்னேன். "அஞ்சு பேரும் போலாம்க்கா. பக்கத்துலயே இன்னொரு ரூம் கீதாம், கேட்டுட்டேன்."

"நான் உங்ககூட வரல."

"அவ மேல கோவப்படாதக்கா."

"அவ மேல எனக்கு இன்னா கோவம்? புருஷங்கூட இருக்கணும்னு ஆசப்பட்டா. மூஞ்சிக்கு நேராச் சொல்லிட்டா. நீதான்டா. டீ குடுத்து எழுப்பனப்போ 'தப்பா சொல்லிட்டேன்'னு சொன்ன. லீவு இல்லன்னு சொன்ன. நான் உன்ன பாவம்னு வேற சொன்னேன்." ஒரு மீனை எடுத்துத் திரும்ப வைத்தாள். "பக்கத்து ஊட்டுக்காரியாண்ட இன்னாத்த சொல்றது? தெனம் வேலியாண்ட நின்னு அவ்ளோ பேசியிருக்கேன்."

அவள் கையைக் கழுவிவிட்டு வந்தாள்.

"அந்த ஊடு எனக்கு வோணும். நீங்க யாரும் இல்லாம. நானும் பக்கத்து ஊட்டுக்காரியும் போறோம். நாலு பேருக்குதான் எடமா? நாங்க ரெண்டு பேருதான்."

முதலில் கோபத்தில் சொல்கிறாள் என்று நினைத்தேன். இல்லை. எங்கள் பெயரில் எடுத்திருந்த அதே நாட்களை அவர்களுக்கு மாற்றிக் கொடுக்கச் சொன்னாள். என் மனைவியிடம் சொன்னபோது அவள் போனை எடுத்து அந்த வீட்டின் படத்தைத் திரும்பப் பார்த்தாள். பிறகு, "குடுத்துடுங்க" என்றாள். வீட்டைப் பார்த்துக்கொள்கிறவரிடம் அவளே பேசினாள். சனிக்கிழமை சைவம் என்பதையும் சொன்னாள்.

எழும்பூர் வரை கொண்டுபோய் விடுகிறேன் என்றதற்கு அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. கவரைப்பேட்டையிலேயே இருவரும் ஏறினார்கள். பக்கத்து வீட்டு அம்மா பட்டுப் புடவை கட்டியிருந்தாள். அந்த மூன்று நாளில் ஒரே ஒரு படம் வந்தது. இருவரும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அலையில் நிற்கிறார்கள். அக்காவுக்குத் தண்ணீர் இடுப்பு வரை இருக்கிறது.

கறுத்துப்போய்த் திரும்பி வந்தாள். பழையபடி எங்கள் வீட்டுக்கே வந்தாள். எனக்கு அது பெரிய ஆறுதல். அன்று மாலை என் மனைவியையும் மகள்களையும் சுற்றி உட்காரவைத்து எல்லாம் சொன்னாள். எந்த அறையில் காற்று நன்றாக வரும், எந்த மாதத்தில் கடல் சீறும், கோட்டைச் சுவரில் எங்கே பார்த்து ஏற வேண்டும் என்று. என் மனைவி வாய்விட்டுச் சிரித்ததை வெகுநாள் கழித்து வாசலில் நின்று கேட்டேன். "நீங்க ரெண்டு பேரும் பங்குனில போங்க. புள்ளைங்கள நான் பாத்துக்கறேன்" என்று அக்கா சொன்னதும் காதில் விழுந்தது.

செருப்பைக் கழற்றிவிட்டு நானும் உள்ளே போனேன். கோட்டையைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் நிறுத்தினாள்.

"சாப்டறியா? வா, போடறேன்" என்று எழுந்து சமையலறைக்குப் போனாள்.

தரங்கம்பாடியில் அவள் பார்த்தது எல்லாம் என் மகள்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இன்றுவரை அக்கா அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.