இடத்தைச் சொல்லுங்க, வாரேன்

உசிலம்பட்டியில் டவுன் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது பத்மாவதி அம்மாவின் தங்கை போன் செய்தார். "ஏஇ சார், அக்கா போயிட்டாங்க. காபி குடிச்சுக்கிட்டே இருந்தவங்க அப்படியே சாஞ்சுட்டாங்க." நான் மின்வாரியத்திலிருந்து ஓய்வு பெற்று வருடங்கள் ஆகின்றன. அந்த வீட்டில் எனக்கு இன்னும் அதுதான் பெயர்.

பழங்காநத்தம் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த சற்று நேரத்தில் கரண்ட் போனது. ஐஸ் பெட்டி நின்றுவிட்டது. கூடியிருந்த அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பழைய பழக்கத்தில் மின் அலுவலகத்துக்குப் போன் போட்டேன். பத்மாவதி அம்மா இருந்திருந்தால் எனக்கு முன்னால் போட்டிருப்பார்.

இந்த நினைவுக் குறிப்பைப் படிக்கும், அவரை அறிந்த உங்களுக்கு இது புதிதல்ல. நான் அந்தப் பகுதியின் உதவி மின்பொறியாளராக இருந்தபோது, வீட்டுக்குப் பின்னால் நான்கு விசைத்தறி ஓட்டிய அந்த அம்மாவைக் கண்டாலே எனக்கு ஆகாது. வோல்டேஜ் இறங்கும்போதெல்லாம் தறியில் அறுந்த நூலைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைப்பார். தங்கையோடு சௌராஷ்டிர மொழியில் பேசுவார். என்னைத் திட்ட மட்டும் நல்ல மதுரைத் தமிழ். ஒரு நாள் பொறுக்க முடியாமல், "எங்கிட்ட ஒண்ணும் இல்லம்மா, எல்லாம் மேல முடிவாகுது" என்றேன்.

"மேலன்னா யாரு?" என்று கேட்டார்.

மின்கட்டணத்தையும் விதிகளையும் முடிவு செய்ய ஓர் ஒழுங்குமுறை ஆணையம் இருக்கிறது, அதற்கு ஒரு தலைவர் இருக்கிறார் என்று சொல்லிவைத்தேன். ஆளை அனுப்பிவிட்டோம் என்றுதான் நினைத்தேன். மறுவாரமே சட்டத்தைப் படித்துவிட்டு வந்து நின்றார். "தலைவர் பதவிக்கு மூணு பேரு கூடி ரெண்டு பேரோட பேரை எழுதிக் குடுப்பாங்களாம். அதுல ஒருத்தரை கவர்மெண்டு எடுத்துக்குமாம். திறமை, நேர்மை இருக்கணும்னு போட்டுருக்கு. அதை எதை வச்சு அளக்குறாங்க, சார்? கரண்ட் வாங்குற நம்மகிட்ட ஒரு வார்த்தை கேட்டாங்களா?"

நான் ஓய்வு பெற்றபின் ஒருமுறை அந்தத் தலைவர் பதவிக்கு விண்ணப்பம் கேட்டு அறிவிப்பு வந்தது. படிவத்தை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கே வந்துவிட்டார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "சிரிக்காம எழுதுங்க" என்றார். அனுபவம் என்ற கட்டத்தில் அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்: நான்கு விசைத்தறி. கரண்ட் இருக்கும்போது ஓட்டினேன். இல்லாதபோது ஏன் இல்லை என்று கேட்டேன்.

பதில் வரவில்லை. வேறொருவர் தலைவரானார்.

அடுத்த வருடம் கட்டண உயர்வு பற்றிப் பொதுமக்கள் கருத்தைக் கேட்க ஆணையத்தார் மதுரையில் கூட்டம் போட்டார்கள். ஆளுக்கு மூன்று நிமிடம். பத்மாவதி அம்மா எழுந்து, "கட்டணத்தை அப்புறம் பேசுவோம். விண்ணப்பம் போட்ட எனக்கு எந்தத் தகுதி இல்லைன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. வந்தவருக்கு எந்தத் தகுதி இருக்குன்னு இன்னொரு வரி எழுதுங்க. போதும்" என்றார். மைக்கை அணைத்துவிட்டார்கள். அவர் அதைத் தள்ளி வைத்தார். "தறிக்கு நடுவுல பேசிப் பழகுன தொண்டைங்க. மைக்கை நீங்களே வச்சுக்கங்க."

மேடையிலிருந்த அதிகாரி, "இது அதற்கான இடம் இல்லை, அம்மா" என்றார்.

"அப்ப இடத்தைச் சொல்லுங்க, வாரேன்."

மண்டபம் முழுக்கக் கேட்டது. நான் கடைசி வரிசையில், தெரிந்த அதிகாரிகள் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். ஒரு பேச்சுக்குக்கூட எழுந்து பக்கத்தில் போய் நிற்கவில்லை. வெளியே வந்தபோது அவர் அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மனசு ஆறியிருக்கும்.

அவர் போன இரண்டாவது வாரம் அதே பதவிக்கு மறுபடியும் அறிவிப்பு வந்திருக்கிறது. நான் விண்ணப்பம் போட்டுவிட்டேன். அனுபவம் என்ற கட்டத்தில் என் மின்துறை வேலையை எழுதி, அதற்குக் கீழே, பத்மாவதி அம்மாவிடம் திட்டு வாங்கியது என்றும் சேர்த்தேன். அவருடைய அந்த இரண்டு வரிக் கேள்வியைத் தனித்தாளில் இணைத்திருக்கிறேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அது ஒன்றுதான். அதை யாருக்காகவும் விடுவதாக இல்லை.

பதவி கிடைக்காது என்று எனக்குத் தெரியும். அந்தக் கேள்விக்கு எங்கே பதில் சொல்வார்கள் என்று மட்டும் சொல்லட்டும். இந்தத் தடவை முன்வரிசையில் உட்காருவேன். இடத்தைச் சொல்லுங்க, வாரேன்.